இருபத்திரண்டு நிமிடம் முந்திய புள்ளி

பதினோரு வருடமாகப் புகார்ப்பெட்டிக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிறேன். மரப்பெட்டி இல்லை. 'நலவலம்' என்ற வலைச்செயலியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் யார் எதைத் தட்டினாலும் தரமணியில் என் மேசைக்கு வந்து விழும். கிராமச் செவிலியர்கள் வீடு வீடாகப் போகும்போது போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தாங்கள் அந்த வாசலில்தான் நிற்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். போன் வானத்தைக் கேட்கும், வானம் சொன்னதை வைத்து இடத்தைக் கணக்குப் போடும், இடம் எங்கள் கணினிக்கு வரும். வராதபோது நான் வருவேன்.

திட்டு வாங்குவது எனக்குப் பழகிவிட்டது. "நான் தேனியில் நிற்கிறேன், உங்கள் செயலி என்னைக் கடலில் நிறுத்துகிறது" என்று ஒரு அம்மா எழுதினார். இன்னொருவர் என் பரம்பரையையே இழுத்தார். பழகாத ஒன்று நன்றி. அதனால்தான் வேலமலை செவிலியர் ஒருவர், இரண்டு மாதத்தில் ஏழு முறை, 'இடக்கோளாறு' என்ற தலைப்பின் கீழ் "சரியான நேரத்தில் சரியான இடம் காட்டியதற்கு நன்றி" என்று எழுதியபோது ஏழையும் அந்த ஒரு வரிக்கு மேல் படிக்காமலே மூடினேன். மூடும்போது ஒரு காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். 'புகார் எதுவும் இல்லை' என்று ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் அழுத்தினேன்.

வேலமலை என்பது உண்மையான பெயர் இல்லை. ஊரைச் சொல்ல வேண்டாம் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் முப்பத்தெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் ஓர் இடம், அவ்வளவு போதும். செயற்கைக்கோள் இணையம் முகடு வரைக்கும் வந்துவிட்டது. அரசாங்கம் கொடுத்த போனின் முதுகில் சூரியத் தகடு இருப்பதால் சார்ஜ் கவலையும் இல்லை.

அந்தச் செவிலியர் பெயர் தமயந்தி. அவர் பெயரை நான் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தது ஒரு விசாரணைக் கடிதத்தில்.

குற்றச்சாட்டு எளிமையானது. தமயந்தி 10.40க்குத் தேனூத்து என்ற குக்கிராமத்தில் ஒரு வீட்டில் இருந்ததாகச் செயலி சொல்கிறது. அதே 10.40க்கு அவர் துணை சுகாதார நிலையத்தில் மருந்து எண்ணிக்கொண்டிருந்ததாக அங்குள்ள கேமரா சொல்கிறது. இப்படி நாற்பத்தொரு முறை. போலி இடம் காட்டும் செயலி எதையோ போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வருகையைப் பதிந்திருக்கிறார் என்று மாவட்ட அலுவலகம் முடிவு கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணமானால் பதினெட்டு வருட வேலை போகும், பொய்ப் பதிவுக்கு வழக்கு வரும், செவிலியர் பதிவே ரத்தாகும். 'ஆம், போலிதான்' என்று தொழில்நுட்பச் சான்று தர வேண்டியவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை அவரைக் கூப்பிட்டேன். அவருடைய சொந்தப் பட்டன் போனில் பேசினார். அரசாங்கப் போன் இன்னொரு கையில்.

"வணக்கம் சிஸ்டர். நலவலத்துல இருந்து ஜெகதீஷ் பேசறேன். லொகேஷன் சம்பந்தமா சில விஷயம் பார்க்கணும்."

"நலவலமா? சார், நீங்களா!" என்றார், கல்யாண வீட்டில் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல. "ஏழு தடவை எழுதினனுங்க. கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுது" என்றேன். பொய் இல்லை. கிடைத்தது, நான்தான் படிக்கவில்லை.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. நானே எழுதியது, பதினான்கு படிகள். அதன் தலையில் ஓர் எச்சரிக்கை வாசகம். அதைப் படித்துக் காட்டாமல் ஆரம்பிக்கக் கூடாது என்பது விதி. கோயில் அர்ச்சகர் மந்திரம் சொல்லும் வேகத்தில் சொன்னேன்: "செயலி காட்டுவது போன் இருக்கும் இடத்தை மட்டுமே, அதை வைத்திருப்பவர் இருக்கும் இடத்தை அல்ல, சம்மதமா சிஸ்டர்?"

"சம்மதமுங்க."

பிறகு படிகள். இட அனுமதி கொடுத்திருக்கிறதா? கொடுத்திருக்கிறது. துல்லியம் முழுமையில் இருக்கிறதா? இருக்கிறது. மின்சேமிப்பு? அணைத்திருக்கிறது. பழைய தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். அழித்தார். போனை அணைத்து மறுபடி போடுங்கள். போட்டார். திரை அணையாமல் இருக்கும்படி மாற்றுங்கள், திரை அணைந்தால் பக்கம் தூங்கிவிடும். மாற்றினார். தூரத்திலிருந்தே போனின் வயிற்றைக் குடைந்து பார்த்தேன். போலிச் செயலி எதுவும் இல்லை. கடைந்த மோர்போலச் சுத்தமான போன்.

ஆனால் என் திரையில் நீலப் புள்ளி தேனூத்தில், செல்லாயி என்பவர் வீட்டு வாசலில் நின்றது.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"நிலையத்துலதானுங்க சார். சீக்கிரம் முடிச்சீங்கன்னா கிளம்பிருவேன். செல்லாயி வீட்டுக்குத்தானே போகணும்?"

"யார் சொன்னா?"

"நீங்கதானே காட்டறீங்க."

"நாங்க எதையும் காட்டல சிஸ்டர். அது நீங்க இருக்கற இடம்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது.

"நான் இங்கல்ல இருக்கேன்" என்றார்.

இந்த இடத்தில் என் குட்டு ஒன்றை உடைக்க வேண்டும். செயலியின் முந்தைய பதிப்பில், அன்றைக்குப் போக வேண்டிய வீடுகளின் பெயர்கள் திரையின் மேல் ஓரத்தில் வரும். புதிய பதிப்பில் அதே இடத்தில், செவிலியர் நிற்கும் வீட்டின் பெயரை வைத்தோம். அதற்கு மேல் 'நீங்கள் இருக்கும் இடம்' என்று ஒரு தலைப்பு இருந்தது. திரை நெருக்கடியாக இருக்கிறது என்று அந்தத் தலைப்பை எடுத்த புண்ணியவான் நான். மற்ற செவிலியர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் நின்ற வீட்டின் பெயர்தானே வந்தது. தமயந்திக்கு மட்டும் நிற்காத வீட்டின் பெயர் வந்தது. மேலிடத்தின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நாற்பத்தொரு முறை.

அன்றும் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செல்லாயி வீட்டு வாசல்ல நிக்கறேன் சார்" என்று அவர் சொன்னபோது, புள்ளி அந்த வாசலுக்கு வந்து சரியாக இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. புள்ளி அதற்குள் அங்கிருந்து நகர்ந்து, அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

*

புதன்கிழமை முழுக்கச் சோதித்தோம். மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என்னைக் கேட்டார், "சார், என் போனுக்கு என்னதான் ஆச்சு?"

"போன் எப்படி இடம் கண்டுபிடிக்குதுன்னு தெரியுமா?"

"சாட்டிலைட்டு சொல்லுதுங்க."

"சாட்டிலைட்டுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு மேல சுத்திக்கிட்டே மணி மட்டும் சொல்லிட்டு இருக்கும். நாலு கோயில் மணி ஒரே நேரத்துல அடிக்குதுன்னு வைங்க. எது முதல்ல கேட்டுது, எது லேட்டா கேட்டுதுன்னு பார்த்தா நீங்க எந்தக் கோயிலுக்குப் பக்கத்துல நிக்கறீங்கன்னு தெரிஞ்சிரும்ல? அவ்வளவுதான். இடம்னு நாம சொல்றது எல்லாமே நேரத்துல போடற கணக்கு."

"அப்ப என் போனுக்கு மணி தப்பாக் கேக்குது."

"மத்த போன்ல மணி துளி தப்பினாலும் இடம் தப்பிரும். ஆளைத் தூக்கிக் கடல்ல போட்டுரும். உங்க போன்ல இடம் அடிக்கு அடி சரியா இருக்கு. நேரம் மட்டும் தப்புது. நீங்க இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் கழிச்சு எங்க இருப்பீங்களோ, அதை இப்பவே சொல்லுது."

"அதெப்படி சார் முடியும்?"

"முடியாது" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச படிப்புல முடியாது."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். "பழனியம்மான்னு ஒரு பொண்ணு. எட்டாம் மாசம். அன்னிக்கு என் லிஸ்டுல அவ இல்லவே இல்லை. நீங்க... அந்தப் போன் அவ வீட்டைக் காட்டுச்சு. போனேன். கதவைத் தொறந்தா தரையெல்லாம் ரத்தம். வீட்டுல ஒரு ஆள் இல்லை. அரை மணி தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரு. அன்னிக்குத்தான் முதல்ல உங்களுக்கு எழுதினேன்."

"ஏழு தடவையும் அப்படியா?"

"ஏழு தடவை அப்படி. மீதி முப்பத்தி நாலு தடவை மோரைக் குடிச்சுப்போட்டு வந்தனுங்க." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சார், எனக்கு ஒண்ணு புரியல. போன் காட்டுச்சுன்னு நான் போனேன். நான் போவேன்னு போன் காட்டுச்சு. அப்ப அந்தப் பழனியம்மா வீட்டுக்கு என்னை அனுப்பினது யாரு?"

"யாரும் அனுப்பல" என்று சொன்னேன். சொல்லும்போதே கை சிலிர்த்தது. நாத்திகன் என்று வீட்டில் பெயரெடுத்தவன் நான், அதனால் இந்தச் சிலிர்ப்பைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நானே வருவதாகச் சொன்னேன். பதிவுகளை நீட்டிப் பயனில்லை, அந்தப் பதிவுகள்தான் அவர்மேல் குற்றச்சாட்டே. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதிகாரி கண் முன்னால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்து காட்டினால்தான் நம்புவார்கள்.

"அந்தப் போனைக் கண்ணு மாதிரி பார்த்துக்கங்க சிஸ்டர். உங்க சாட்சி அது ஒண்ணுதான்."

"பார்த்துக்கறனுங்க" என்றார்.

*

வியாழக்கிழமை 11.41க்குப் புள்ளி பள்ளத்தில் விழுந்தது.

சும்மா வேவு பார்ப்பதுபோலப் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தேன். சாலையோரமாக இருந்த புள்ளி பதினேழாவது வளைவில் ஒரு தாவு தாவி, அறுபது மீட்டர் கீழே, வழியே இல்லாத சரிவில் போய் நின்றது. நகரவில்லை. துல்லியம் நான்கு மீட்டர் என்று காட்டியது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"இருபதாவது வளைவு டீக்கடையிலங்க சார். ஜீப்புக்கு நிக்கறேன், கீழ இறங்கணும். ஏன் சார், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொல்லலாமா கூடாதா என்று யோசிக்க எனக்கு உரிமை இல்லை. சொன்னேன். பதினேழாவது வளைவு, பள்ளம், 12.03.

அவர் அழுவார் என்று நினைத்தேன். டீக்கடையில் யாரிடமோ, "அண்ணா, ஜீப்பு வந்தா நான் வரலைன்னு சொல்லிருங்க" என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "நான் இங்கயே உட்கார்ந்துக்கறேன். போதுமா?" என்றார்.

"போதும். அசையாதீங்க."

ஒரு நிமிடம் ஓடியது. புள்ளி பள்ளத்திலேயே இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார், ஜீப்பை விட்டுவிட்டார், அப்படியும் புள்ளி டீக்கடைக்குத் திரும்பவில்லை. நாற்பத்தொரு முறையும் நேற்றைய சோதனைகளும் சேர்த்து, அது ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. நான் இதை அவரிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன். அவர் கையில்தானே போன் இருக்கிறது, திரையை அவரும் பார்க்கிறார் என்பதையே மறந்துவிட்டேன்.

"சார், அது இன்னும் அங்கயேதான் இருக்கு."

"ம்."

"அப்ப நான் இங்கயே உட்கார்ந்திருந்தாலும் ஏதோ ஒண்ணு வந்து என்னைத் தூக்கிட்டுப் போகும். அப்படித்தானே?"

பதினோரு வருடத்தில் பதினான்கு படிகளும் தீர்ந்துபோய் நான் உட்கார்ந்த முதல் நாள் அது.

"சார்" என்றார். "செவ்வாய்க்கிழமை நீங்க முதல்ல ஒண்ணு படிச்சீங்கல்ல. வேகமா. செயலி காட்டறது போன் இருக்கற இடத்தை, ஆளு இருக்கற இடத்தை இல்லைன்னு. நான்கூடச் சம்மதம்னு சொன்னேன்."

"ஆமா."

"அப்ப பள்ளத்துல இருக்கறது போன் மட்டும்தானே?"

ஆயிரக்கணக்கான தடவை அர்த்தமே யோசிக்காமல் ஒப்பித்த வாசகம். அதை முதன்முதலாகக் காதில் வாங்கியவர் தமயந்தி.

"ஜீப்காரங்ககிட்ட குடுத்துவிடலாமா" என்று அவசரப்பட்டுக் கேட்டேன்.

"அய்யோ சார்! அவங்க கையில குடுத்தா அவங்க விழுவாங்க. யார் கையிலயும் குடுக்கக் கூடாது. நானே போய்ப் போட்டுர்றேன். நடந்தே போறேன், கால் மணி நேரம்தான். போட்டுட்டா அது சொன்னது நிஜமாயிரும், நானும் இருப்பேன்." ஒரு கணம் நிறுத்தினார். "நாளைக்குத்தான் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"வேலை போனா வேற வேலை" என்று சொன்னேன். அதைச் சொன்னவன் மாதச் சம்பளத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தவன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் நடந்தார். நான் காதில் போனோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம், காற்று, மேலேறும் லாரி ஒன்றின் உறுமல். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் "ஓரமா நில்லுங்க" என்றேன். 12.01க்கு, "வளைவுக்கு வந்துட்டேன். தடுப்புச் சுவர்கிட்ட போகல, எட்டி நிக்கறேன். ஒரு கையில மரத்தைப் பிடிச்சிருக்கேன்" என்றார். 12.02க்கு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அந்தப் போனுக்குத்தான் நன்றி சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"போட்டுட்டேன் சார்."

12.03.

"கீழ என்னவோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார். "குரங்கா இருக்கும்."

"நீங்க முதல்ல அங்கிருந்து நகருங்க."

நகர்ந்தார். பத்து நிமிடம் கழித்து, அவர் ஏற வேண்டிய ஜீப் அவரைத் தாண்டி ஆடி அசைந்து இறங்கிப் போனது. அதில் இருந்தவர்கள் கையசைத்தார்களாம். ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக அடிவாரம் போய்ச் சேர்ந்தது. அன்று முழுக்க அந்த மலைப்பாதையில் ஒரு சைக்கிள்கூடச் சாயவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் விழுவதாக இருந்ததே இல்லையோ? நான் பயமுறுத்தினேன், அவர் போனைப் போட்டார், போன் பள்ளத்தில் விழுந்தது. புள்ளி அதைத்தான் காட்டியது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஒரு பெண்ணுடைய ஒரே சாட்சியை அவர் கையாலேயே தூக்கியெறிய வைத்தவன் நான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் அடுத்தவர் காலை விட்டிருக்கிறேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். "ஆபத்து வராமயே போயிருந்தாலும் பரவால்ல. எனக்காக நீங்க பயந்தீங்கல்ல."

பக்கத்தை மூடிவிட்டேன். அந்தப் புள்ளியை மறுபடி பார்க்க எனக்குத் துணிவில்லை.

*

மாவட்ட அலுவலகத்தில் விசாரணை அதிகாரி டாக்டர் மீனலோசனி. அரைக்கை வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வழக்கம். கெட்டவர் இல்லை. பொய்க்கணக்கு எழுதிய ஒருவரால் ஒரு தாய் செத்ததை நேரில் பார்த்தவர் என்று வெளியே பியூன் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் தப்பிப்பது கஷ்டம்.

தமயந்தியை அன்றுதான் நேரில் பார்த்தேன். குரலுக்குச் சம்பந்தமில்லாத சின்ன உருவம். நெற்றியோரம் நரைத்த முடி, கையில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். எனக்குக் கூசியது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நேரம், இடம், நான்கு கோயில் மணி, இருபத்திரண்டு நிமிடம், தலைப்பை எடுத்த என் தப்பு. டாக்டர் இடைமறிக்காமல் கேட்டார்.

"அந்தப் போன் எங்கே?"

"பள்ளத்துல மேடம்."

"யார் போட்டது?"

"நான்தானுங்க மேடம்" என்றார் தமயந்தி.

"விசாரணைக்கு முந்தின நாள்."

"ஆமாங்க மேடம்."

டாக்டர் பேனாவை மூடினார். "ஜெகதீஷ், நீங்க படிச்சவர். என் இடத்துல இருந்து பாருங்க. சாட்சி அழிச்ச ஒருத்தங்க, அவங்களுக்காக மாயக்கதை சொல்ற ஒருத்தர். நான் எதை எழுதறது?"

"பள்ளத்துல இருந்தாலும் பக்கம் திறந்துதான் இருக்கும் மேடம். வெயில் பட்டா சார்ஜும் ஏறும். ஒருவேளை இன்னும் புள்ளி வரலாம். காட்டட்டுமா?" என்றேன். அதனால் என்ன லாபம் என்று எனக்கே தெரியாது. பள்ளத்தில் ஒரு புள்ளி. அது எதையும் நிரூபிக்காது. ஆனால் சும்மா நிற்க முடியவில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். வேலமலையில், பதினேழாவது வளைவில், பள்ளத்தில் புள்ளி இல்லை. தேடினேன். அடிவாரம், நெடுஞ்சாலை, ஊர், பேருந்து நிலையம். பிறகுதான் அதைப் பார்த்தேன். மணி 11.06. புள்ளி இந்தக் கட்டடத்தில் இருந்தது. துல்லியம் நான்கு மீட்டர். இந்த அறையில் இருந்தது.

டாக்டர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். மேசைக்கடியில் பார்த்தார். தமயந்தியின் துணிப்பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தார். ரத்த அழுத்தக் கருவி, ஒரு டப்பா, பட்டன் போன், சில மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"போன் இங்க இல்லையே."

"இன்னும் வரல மேடம்" என்றேன். "11.28க்கு வரும்."

அவர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துரத்திவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. இருபத்திரண்டு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. தமயந்தி கொட்டிய பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தார். 11.20க்கு டீ வந்தது, யாரும் தொடவில்லை. 11.26க்கு டாக்டர், "காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக்கூட இருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 11.27க்கு வெளியே பியூன் யாரையோ தடுக்கும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. மண் ஒட்டிய சேலையோடு ஒரு பெண் நின்றாள். கையில், கண்ணாடி சிலந்திவலையாகக் கீறிய போன். அதன் முதுகில் நாங்கள் ஒட்டிய முகவரிச் சீட்டு.

"இந்த ஆபீஸ் போனுன்னு இதுல எழுதியிருக்குதாம். ஆஸ்பத்திரியில படிச்சுச் சொன்னாங்க. யாருதுங்க?"

தமயந்தி எழுந்தார். "பாப்பாத்தி?"

"சிஸ்டரம்மா! உங்களதா?"

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையில் என்னால் சொல்ல முடியாது, அழுதுகொண்டே சொன்னாள். அவள் புருசன் வியாழக்கிழமை விடிந்ததும் காணாமல்போன மாட்டைத் தேடிப் போயிருக்கிறான். பதினேழாவது வளைவுச் சரிவில் கால் வழுக்கி உருண்டு, தொடையெலும்பு முறிந்து கிடந்திருக்கிறான். போன் வீட்டில் சார்ஜில். கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது. மேலே வண்டிகள் போவது கேட்கிறது, கீழே அவன் இருப்பது யாருக்கும் தெரியாது. உச்சிவேளையில், இனி அவ்வளவுதான் என்று கண்ணை மூடியபோது, பக்கத்துப் புதரில் வானத்திலிருந்து ஒரு போன் விழுந்திருக்கிறது. திரை எரிந்துகொண்டிருந்ததாம். பூட்டுத் தெரியாவிட்டாலும் அவசர அழைப்பு போகுமே. நூற்றெட்டுக்கு அடித்து, வளைவு எண்ணைச் சொல்லியிருக்கிறான்.

"இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தா ரத்தம் பூரா போயிருக்கும்னு டாக்டரு சொன்னாருங்க. எந்தச் சாமி போட்டுதுன்னு தெரியல. போனைக் குடுத்துட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"குரங்குன்னு நினைச்சேனே" என்றார் தமயந்தி. "பாப்பாத்தி, நான் குரங்குன்னு நினைச்சுட்டுப் போயிட்டேனே." அழுதார். மூன்று நாளாக எதற்கும் அழாதவர் அதற்கு அழுதார். பாப்பாத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் மீனலோசனி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோப்பைத் திறந்தார். 'கருவிக் கோளாறு. செவிலியர்மேல் தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மீதியை எழுதினா என்னைத்தான் விசாரிப்பாங்க" என்றார். பிறகு கீறல் விழுந்த திரையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அதைத் தமயந்தி பக்கம் நீட்டினார்.

புள்ளி இந்த அறையில் இல்லை. ஊரைத் தாண்டி அரசு மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் இருந்தது.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்தான் இருக்கு" என்றார் டாக்டர். "ஏன் நின்னுட்டு இருக்கீங்க? கிளம்புங்க."

பாப்பாத்தியும் தமயந்தியும் போனார்கள்.

திரும்பும் பேருந்தில் அந்த ஏழு கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பழனியம்மாள். பாம்பு கடித்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. மூச்சுத்திணறிய ஒரு கைக்குழந்தை. எல்லாவற்றிலும் கடைசி வரி நன்றி. எனக்கும் யாருக்காவது எழுத வேண்டும்போல இருந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. கடைசியில் போனில் நலவலத்தைத் திறந்து, அடியில் உள்ள கட்டத்தில், 'இடக்கோளாறு' என்ற தலைப்பின் கீழ் தட்டினேன்: "சரியான நேரத்தில் சரியான இடம் காட்டியதற்கு நன்றி."

விழுப்புரம் தாண்டும்போது பதில் வந்தது. எனக்குப் பதிலாக என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் படிக்காமலே மூடியிருந்தார். காரணம்: புகார் எதுவும் இல்லை.

உண்மைதான். எதுவும் இல்லை.